மூன்றாம் ஓலை

குஜூர் சாமியின் பைக் அன்று காலையில் மட்டும் நான்கு முறை கிளம்பி, நான்கு முறையும் கேட்டைத் தாண்டாமல் நின்றது. உதைப்பார். கேட் வரைக்கும் போவார். எதையோ மறந்தவர் மாதிரி இறங்கி, ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். நான் ஞானஸ்நானப் பதிவேட்டில் குனிந்தபடியே, "இன்னா ஃபாதர், பெட்ரோல் இல்லியா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என்ன சொன்னாலும் சிரிக்கிற மனுஷன் அவர். 

இந்தக் கோயில் ஆபீசில் பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஐந்து பங்குச்சாமிகளைப் பார்த்துவிட்டேன். ஒருவர் வாழை வைத்தார், ஒருவர் மைக் செட்டை மாற்றினார், ஒருவர் தூங்கினார். குஜூர் சாமிக்கு உட்காரவே தெரியாது. ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கம் ஏதோ மலைக் கிராமம். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் அவர் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய வேலைக்கு வந்துவிட்டதால் மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே போட்டார்கள். காலையில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை, சாயங்காலம் அவர்களுக்கு இந்திப் பூசை. அவர் பேசுகிற தமிழ் பாதி செமினரி, பாதி எங்கள் தெரு.

எங்கள் ஜனம் லேசில் ஒருவரை ஏற்றுக்கொள்ளாது. 'வடக்கத்திச் சாமி' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், கொஞ்ச நாளில் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். ஆனால் சாவு வீட்டில் முதலில் வந்து நிற்பதும், ரோலிங் மில்லில் கை வெந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் சோறு ஊட்டுவதும் அவர்தான் என்று தெரிந்த பிறகு பேச்சு அடங்கியது. அடங்கியது என்றுதான் சொல்கிறேன், செத்துப்போனது என்று சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் தேசப்பனின் மகள் ஏஞ்சல். எங்கள் அப்பா ஆரம்பாக்கத்தில் அடுத்தவன் நெல்லை அறுத்தவர். அண்ணன் ஒரு குடோனில் செக்யூரிட்டி. ஏஞ்சல் கார் பாகம் செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை. கூட நிற்கிற பாதிப் பேர் வடக்கத்திப் பிள்ளைகள் என்பதால் இந்தியைக் கடகடவென்று பேசுவாள். வயசு இருபத்தெட்டு. இரண்டு சம்பந்தம் வந்து தட்டிப்போயிற்று. மூன்றாவதாக அவளே ஒன்றைக் கொண்டுவந்தாள். அதே கம்பெனியில் வெல்டராக இருக்கிற நிர்மல் டோப்போ. சாயங்காலப் பூசையில் பாட்டுக் குழுவில் நிற்பானே, அவன்தான்.

அண்ணன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு நேரே சாமியிடம் வந்து, "ஃபாதர், எனக்கு அந்த ஊரு கிழக்கா மேற்கான்னு தெரியாது. பையன் உங்க பக்கத்து ஊரு. நீங்க நல்லவன்னா நல்லவன்" என்றார்.

குஜூர் சாமியின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். மூன்று வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்ட 'வடக்கத்தி' எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கரைந்து போய்விட்டது. தன் பக்கத்துப் பிள்ளை எங்கள் வீட்டு மாப்பிள்ளையாகிறான். "நல்ல பையன்" என்றார். சாயங்காலப் பூசையில் பாட்டுப் பாடுகிறான் என்பதைத் தவிர அவனைப் பற்றி அவருக்கு வேறு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் முறைப்படி, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை படிக்க வேண்டும். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள், தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று எழுதி நான் கொடுப்பேன், சாமி மைக்கில் படிப்பார். வெளியூர் மாப்பிள்ளை என்றால், அவனுக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று அவன் ஊர்க் கோயில் பங்கிலிருந்து பேப்பர் வந்த பிறகுதான் படிக்க வேண்டும்.

"பேப்பர் வரலியே ஃபாதர்" என்றேன்.

"வந்துடும் அக்கா. என் பக்கத்துப் பங்கு தானே."

நானும் விட்டுவிட்டேன். மண்டபம் கிடைத்த தேதி அப்படி. எனக்கும் அவசரம். முதல் ஓலை படித்தார், இரண்டாம் ஓலையும் படித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேப்பர் போட்டோவாகப் போனில் வந்தது. 'திருமணமாகாதவர், தடை ஏதுமில்லை' என்று சீலோடு இருந்தது. எனக்குப் பாரம் இறங்கியது. சாமி குதிக்காத குறைதான். அந்தச் சந்தோஷத்தில், "அவன் அம்மாவுக்கு ஒரு வாழ்த்துச் சொல்றேன்" என்று என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டார். அவர்கள் பாஷை. நிர்மல் என்கிற பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழவி நன்றாகத்தான் பேசினாள். நடுவில் ஒரு இளம்பெண்ணின் குரல் ஏதோ கேட்டது. ஒரு குழந்தை அழுதது. சாமி ஏதோ விசாரித்தார். கிழவி இரண்டே வார்த்தையில் பதில் சொன்னாள். சாமி ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு தேர்க் கொட்டகைப் பக்கம் போனார். அரைமணி நேரம் தேரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அந்தப் பைக் கூத்து. நான்காவது முறை வந்து நின்றபோது நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"சொல்லுங்க ஃபாதர். எனக்கு இருப்புக் கொள்ளல."

எதிரில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். "அந்த ஊட்ல ஒரு பொண்ணு இருக்குது அக்கா. சலோமின்னு பேர். நிர்மல் கூட நாலு வருஷம். மூணு வயசுல ஒரு பொண்ணு குழந்தை."

"கல்யாணம் ஆகலன்னு சீல் போட்டு வந்துதே?"

"கல்யாணம் ஆகல. அது தான் பிரச்சனை."

நின்றபடியே சொன்னார். அவர்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் ஊருக்கே சோறு போட வேண்டும், கறியோடு. வக்கில்லாதவன் வீட்டுக்குள் பெண் அப்படியே வந்து நுழைந்துவிடுவாள். சமைப்பாள், நாற்று நடுவாள், பிள்ளை பெறுவாள். ஊர் அவளை டூக்கு என்று சொல்லும். என்றைக்கு ஊருக்குச் சோறு போட்டுக் கல்யாணம் முடிகிறதோ, அன்றைக்குத்தான் அவள் பெயர் கோயில் புத்தகத்தில் ஏறும். அதற்குள் செத்துப்போனால் ஊர் இடுகாட்டில்கூட இடம் கிடைக்காது. அந்தப் பங்குக்குச் சாமியார் புதுசு. புத்தகத்தைப் பார்த்தார், இல்லை, எழுதிக் கொடுத்துவிட்டார். பொய்யில்லை.

"சட்டப்படி அவன் ஃப்ரீ" என்றார். "வேற எந்தச் சாமியாரா இருந்தாலும் இந்தப் பேப்பரைப் பார்த்துத் தாலியை மந்திரிச்சுக் கொடுத்துடுவாங்க. அந்த ஊட்ல டூக்கு இருக்குதான்னு எனக்கு மட்டும் தான் கேக்கத் தெரியும். எனக்கு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அவன்மேல் இல்லை, இவர்மேல். "ஏன் ஃபாதர் கேட்டீங்க? பேப்பர் வந்துச்சி, முடிஞ்சிபோச்சி. அவன் சேத்துக்கினு இருந்தவள உட்டுட்டான். எங்க ஊர்ல நடக்காததா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"ஆயிரம் பொய் சொல்லுங்க. நான் கேக்கல. ஆனா ஏஞ்சலுக்குத் தெரியணும். தெரிஞ்சு அவளுக்கு வேணும்னா நான் பிஷப்புக்கு எழுதறேன். வேணாம்னா வேணாம். தெரியாம மூணாவது ஓலை இல்ல."

மூன்று மணிக்கு முதல் ஷிப்ட் விட்டு நிர்மல் வந்தான். யூனிபாரத்தில் பொறி பட்ட ஓட்டைகள். அவர்கள் பாஷையில் பத்து நிமிஷம் பேசினார்கள். சாமி குரலை உயர்த்தவே இல்லை. பையன் வியர்த்துப்போய் என் பக்கம் திரும்பினான். "அத்தே, நான் கல்யாணம் பண்ணல. சத்தியமா பண்ணல. சோறு போட சம்பாதிக்கத் தான் இங்க வந்தேன். அப்புறம் ஏஞ்சல்…" என்று நிறுத்திக்கொண்டான். அவனைக் கெட்டவன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"ஏஞ்சல்கிட்ட நீயே சொல்லு" என்றார் சாமி தமிழில், எனக்கும் கேட்கட்டும் என்று. அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். சொன்னால் அவள் போய்விடுவாள் என்று அழுதான்.

"அப்ப நான் சொல்றேன்" என்று சாமி பைக் சாவியை எடுத்தார்.

நான்தான் தடுத்தேன். "நீங்க போவாதீங்க. நிச்சயம் பண்ண பொண்ணு ஊட்டுக்குச் சாமியார் தனியா போய்க் கதவ சாத்திக்கினு பேசினா, தெரு இன்னா பேசும்? எங்க அண்ணன் மவ. நான் சொல்றேன்."

சாவியைத் திரும்ப மேசையில் வைத்தார். "சொல்லுவீங்க தானே அக்கா?"

"சொல்றேன் ஃபாதர்."

சனிக்கிழமை காலையில் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். வீட்டில் அண்ணி சுகிர்தா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா வந்திருந்தாள். ஏஞ்சல் கல்யாண ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, "அத்தே, கை டைட்டா கீதா பாரு" என்று என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டு வருஷமாக அந்தப் பெண் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அண்ணன் வாசலில் பந்தல்காரனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். என் வாய் திறந்தது. "சரியா கீது" என்றது. அண்ணி நீட்டிய வடையை வாங்கித் தின்றேன். நல்லா இருக்குது என்று இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே. சும்மாதானே இருந்தேன்.

அன்றைக்கெல்லாம் கோயிலில் சாமி கண்ணில் படாமல் இருக்க ஒவ்வொரு வேலையாக இழுத்துப்போட்டுக்கொண்டேன். பீடத்துத் துணிமேல் தினமும் கம்பெனிக் கரி படியும். தினமும் ஒரு முறை துடைப்பேன், அன்று மூன்று முறை துடைத்தேன். சாயங்காலம் அவர் வந்து நின்றே விட்டார். "சொன்னீங்களா?"

"தையல்காரம்மா இருந்தாங்க. காலையில சொல்றேன்."

 மறுபடியும் தேர்க் கொட்டகையைச் சுற்றும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைப் பூசை. பூசைக்கு முன்னால் உடுப்பு மாற்றும் அறையில் நான் ஓலைத் தாளை மேசையில் வைத்தேன். வழக்கம்போல என் கையெழுத்து. அவர் அங்கியைப் போட்டுக்கொண்டே கேட்டார். "சொன்னீங்களா அக்கா?" நான் மெழுகுவத்தியின் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். கிள்ளுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அவர் தாளை எடுத்து மடித்துப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

கோயில் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் நான், அண்ணி, ஏஞ்சல். ஆண்கள் பக்கம் அண்ணன். அவர் பக்கத்தில் புதுச் சட்டையில் நிர்மல். நன்மை அப்பம் கொடுத்து முடிந்தது. ஓலை படிக்கிற நேரம். சாமி மைக்குக்கு வந்தார். தாளைப் பிரித்தார். பார்த்தார். மறுபடியும் மடித்தார்.

"இன்னிக்கு மூணாவது ஓலை படிக்கல" என்றார். "தப்பு என்னுது. பேப்பர் வராம ரெண்டு ஓலை படிச்சேன். என் பக்கத்துப் பையன்னு ஆசைல படிச்சேன். மன்னிக்கணும்."

கோயிலில் சலசலப்பு. அண்ணி என் கையைப் பிடித்தாள். சாமி பீடத்துப் படியில் இறங்கி, ஜனங்கள் உட்கார்ந்திருக்கிற தரைக்கு வந்தார். மைக் அங்கேயே நின்றது. ஆனாலும் கேட்டது.

"எங்க அம்மாவுக்குக் கல்யாணம் நடக்கும்போது எனக்கு ஏழு வயசு. நான் தான் மெழுகுவத்தி பிடிச்சேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பன் கல்யாணத்துக்குப் பிள்ளை போனான் என்றால் எங்கள் ஊரில் சிரிக்கத்தான் செய்வார்கள். அவர் அதற்காக நிற்கவில்லை.

"எங்க அம்மா சும்மா வந்து எங்க அப்பா ஊட்ல நுழைஞ்சவங்க. ஊருக்குச் சோறு போட வழி இல்ல. கல்யாணம் இல்ல. என் காது குத்தக்கூட ஊர் விடாது. கிணத்துல எங்க அம்மாவுக்குக் கடைசித் தண்ணி. அப்பா சம்பாதிக்க அஸ்ஸாமுக்குப் போனார். அஞ்சு வருஷம். வருவாரா மாட்டாரான்னு அம்மா தினம் பஸ் வர்ற ரோட்டைப் பார்ப்பாங்க. வந்தார். அதனால நான் இங்க நிக்கறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவர் அங்கேயே ஒரு நல்ல பொண்ணைப் பார்த்திருந்தா, அந்த ஊர்க் கோயில்ல மூணு ஓலை படிச்சிருப்பாங்க. தடை இருக்குதான்னு கேட்டிருப்பாங்க. அங்க யாருக்குத் தெரியும்? எங்க ஊர்ல இருந்து பேப்பர் வந்திருக்கும். க்ளீன் பேப்பர். எங்க அம்மா எந்தப் புத்தகத்திலயும் இல்ல. நானும் இல்ல."

யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் பக்கத்தில் ஏஞ்சல் மெதுவாகத் தலையைத் திருப்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். நிர்மல் குனிந்திருந்தான். கோயில் முழுக்க நிமிர்ந்திருந்த நேரத்தில் அவன் ஒருத்தன்தான் குனிந்திருந்தான்.

அவள் எழுந்தாள். நடுவழியில் நடந்து அவன் வரிசைக்குப் போய் நின்று இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் பதில் சொன்னான். ஒரே வார்த்தை. அந்த வார்த்தை புரிய யாருக்கும் இந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் கலைந்துவிட்டது. முடிவு ஆசீர் கொடுத்தாரா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. வெளியே கொடிமரத்தடியில் ஏஞ்சல் நிர்மலின் போனை வாங்கிப் பேசிக்கொண்டிருந்தாள். கடகட இந்தி இல்லை, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். எதிர்முனையில் இருந்தவளுக்குப் புரிய வேண்டுமே என்று பேசினாள். ஒரு இடத்தில் 'சலோமி' என்றாள். கேட்டாள், கேட்டாள், பிறகு போனை அவனிடம் கொடுத்துவிட்டு எட்டிப்போய் நின்றாள்.

ஜனம் சாமியைச் சூழ்ந்துகொண்டது. "எல்லாம் ஒரே ஊரு தானே. பேசி வெச்சிக்கினு நம்பள ஏமாத்தறாங்க" என்று ஒருவன். "இவரே அப்படிப் பொறந்தவராம்ல" என்று இன்னொருவன். இத்தனை நாள் அடங்கிக் கிடந்ததெல்லாம் மறுபடியும் வாய் திறந்தது. அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிர்மலை நோக்கி வந்தார். குஜூர் சாமி நடுவில் போய் நின்றார்.

"என்னை அடிங்க தேசப்பன் அண்ணே. நல்லவன்னு சொன்னது நான்."

அண்ணன் ஓங்கிய கையை இறக்கினார். செருப்பைக் கீழே போட்டு, அதை மாட்டிக்கொள்ளாமல் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார். சாமி பூசை அங்கியைக் கழற்றி என் கையில் திணித்தார். நிர்மலைப் பைக்கின் பின்னால் உட்கார வைத்தார். வண்டி கிளம்பியது. இந்த முறை கேட்டைத் தாண்டி, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் போயேவிட்டது.

அண்ணியும் ஜனமும் போன பிறகு கொடிமரத்தடியில் நானும் ஏஞ்சலும்தான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பேன், என் பாடு முடிந்திருக்கும். பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஃபாதருக்கு எப்ப தெரியும் அத்தே?"

"வியாழக்கிழமை."

"ஏன் எங்கிட்ட வந்து சொல்லல?"

நான் கையிலிருந்த அங்கியை மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசிலிருந்தே அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

"உனக்குத் தெரியுமா?"

தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள். பதினெட்டு வருஷமாக எத்தனை ஓலை எழுதியிருப்பேன். என்னை யாரும் நேராகக் கேட்டதில்லை.

"தெரியும்" என்றேன்.

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை காலையில."

அவள் தலையசைத்தாள். வெள்ளிக்குப் பிறகு சனி வருகிறது.

"நேத்து ஊட்டுக்கு வந்தியே அத்தே" என்றாள். "வட கூட கேட்டு வாங்கித் துன்னியே."